பிரிக்காத பொட்டலம்

என் வேலை எண்ணுவது.
ஊசி, கத்தி முனை,
நூல் கோத்த சின்னப் பஞ்சுத் துண்டுகள்:
உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை.
புந்தா அரேனாஸ் மருத்துவமனையில்
எந்த முதுகை மூடும் முன்னும்
கடைசிச் சொல் என்னுடையது:
"கணக்குச் சரி, டாக்டர்."

அன்றைக்கு மேசையில் ஒதிலியா பார்ரியா.
வயது அறுபத்தாறு. முப்பத்தொரு ஆண்டு
நண்டுத் தொழிற்சாலையில்
குளிர்நீர் மேடையோரம் நின்றவள்.
இடுப்பின் நான்காம் எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
மூட்டு கசிந்து ஊதிய நீர்க்கட்டி,
ஒரு கொண்டைக்கடலை.
அது நரம்பின் மேல் ஏறி உட்கார்ந்ததில்
இடது பெருவிரல் மட்டும்
மேலே பார்க்க மறுத்துவிட்டது.
"செருப்பு என்னை விட்டுப் போய்விடுகிறது,
சொல்லிக்கொள்ளாமல்" என்றாள்.

குனியவைத்து ஒரு படம். நிமிரவைத்து ஒரு படம்.
எலும்பின் மேல் எலும்பு
வழுக்கியிருந்தது மூன்று மில்லிமீட்டர்.
நாலோ ஐந்தோ என்றால் பூட்டிவிடுவார்,
ஒன்று என்றால் விட்டுவிடுவார்.
மூன்று,
டாக்டர் யெர்கோ விர்சலோவிச்சைத் தூங்கவிடாத எண்.

கட்டியை மட்டும் எடுத்தால்
தளர்ந்தது இன்னும் தளரலாம், கட்டியே திரும்பலாம்.
நான்கு திருகாணி, இரண்டு கம்பி போட்டால்
அசையாது. ஆனால்
அசையாததன் பாரத்தை
மாடிவீட்டு எலும்பு சுமக்க வேண்டும்.

முந்தின நாள் வார்டில் இதையெல்லாம் சொன்னார்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"நண்டுக்காலில் மூட்டை ஒட்டிச் சதை இருக்குமே,
ஓடு உடையாமல் அதை உருவ
எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.
உங்களுக்கு வருமா?"
அவர் சிரிக்கவில்லை.
தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில்
நரம்புப் பையின் உறையோடு ஒட்டிக்கிடந்தது கட்டி.
ஈரக் காகிதத்திலிருந்து ஈரக் காகிதத்தைப் பிரிக்கிற வேலை,
நாற்பது நிமிடம்.
ஓரிடத்தில் பிரியவே இல்லை.
நகக்கண் அளவு தோலை அங்கேயே விட்டார்.
"இழுத்தால் உறை கிழியும்.
இது இவளோடு இருந்துவிட்டுப் போகட்டும்."

பிறகு மூட்டை இடுக்கியால் தொட்டு
மெல்ல ஆட்டிப் பார்த்தார்.
ஒருமுறை.
இன்னொருமுறை.
என் இடப்பக்கம் டைட்டானியம்,
இரட்டை உறைக்குள் நான்கு.
அதன்மேல் கையை வைத்தபடி நின்றேன்.
தாழ்வாரக் கதவைக் காற்று குலுக்கியது.

"வேண்டாம்" என்றார்.
குரலில் உறுதி
மூன்று மில்லிமீட்டர் குறைவு.

எழுதினேன்: திருகாணி,
உள்ளே பூஜ்ஜியம், வெளியே பூஜ்ஜியம்.
கணக்குச் சரி என்றேன்.
எந்தக் கணக்கு என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வசந்தம் என்றால் பூவல்ல, காற்று.
ஆளைத் தூக்கும் நாட்களில்
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டும்,
பிடித்துக்கொண்டு நடக்க.
பதினான்கு மாதம் கழித்து அப்படியொரு நாளில்
கயிற்றின் அந்தக் கோடியில் அவள்.
செருப்பு இல்லை, இறுக்கிக் கட்டிய பூட்ஸ்.
"பெருவிரல்?" என்று கத்தினேன்.
"மேலே பார்க்கிறது!" கத்தினாள் அவளும்,
"திங்கட்கிழமை மட்டும் பார்க்காது!"

சில விடியல்களில் கெண்டைக்காலில்
மெலிதாக மின்சாரம் ஓடுகிறதாம்.
அடுத்த வாரம் மறுபடி
குனிந்து ஒரு படம், நிமிர்ந்து ஒரு படம்.
"நாலாகியிருந்தால் பூட்டட்டும். எனக்குக் கோபமில்லை.
ஓடு உடையாமல்தான் எடுத்தார்."

தொப்பியைப் பிடிக்க ஒரு கையை விட்டாள்.
காற்றுக்குச் சாய்ந்து நின்றாள்,
கயிறும் அவளோடு ஆடியது.
ஆடியதால்தான் அறவில்லை
என்று சொல்ல வந்தேன்.
எனக்கென்ன தெரியும், சொல்லவில்லை.

பொட்டலம் இன்னும் எங்கள் அலமாரியில்.
மாதமொருமுறை எடுத்துத் தேதி பார்க்கிறேன்.
காலாவதி, மார்ச்.